காவிரியின் தூண்டில் முகாம்களும் திமில் மகசீரும்

கோடையில் நண்பர்களாகச் சேர்ந்து போய், ஆற்றங்கரை முகாமில் தங்கித் தூண்டில் போடும் வழக்கத்துக்குத் தென்னிந்தியாவில் பெயர் பெற்றிருந்த இடம், சிவசமுத்திரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே காவிரி காட்டுக்குள் பாறைகளைப் பிளந்து ஓடும் பகுதி. அதற்குக் கோடையிலும் வற்றாத ஆழமான கசங்கள் வேண்டும். எல்லா ஆறுகளிலும் அவை இல்லை. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகும் ஆரணி ஆற்றில் கோடையில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். அப்படிப்பட்ட சமவெளி ஊர்களில் தூண்டிலுக்கு ஏரியும் குளமும்தான் கதி.

இந்த இரண்டு வகைத் தூண்டிலைப் பற்றியும் முதலில் விரிவாக எழுதியவர் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். ஆற்றுத் தூண்டில் பற்றிய அவருடைய நூல் 1873இல் வந்தது. ஏரி, குளத் தூண்டிலுக்கென்று 1887இல் தனி நூல் எழுதினார். இங்கிலாந்தின் சால்மனைவிட மகசீர் என்ற ஆற்றுமீன் வலிமையாகப் போராடும் என்று அவர் எழுதியது வெள்ளை அதிகாரிகளைத் தென்னிந்திய ஆறுகளின் பக்கம் இழுத்தது. நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீனைக் கொல்வதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்தது. தடை ஏட்டில் இருந்தது. காட்டாற்றில் அதை நிறைவேற்ற ஆள் இல்லை.

1946 மார்ச்சில், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைப் பிடித்தார். தூண்டிலில் சிக்கிய மகசீர்களில் இதுவே பெரியது என்பது இன்றும் நிற்கும் பதிவு. அதற்கு முன்பே கிருஷ்ணராஜசாகரும் மேட்டூர் அணையும் ஆற்றை மறித்துவிட்டன. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் போனார்கள். வெடி வைப்பவர்கள் தொடர்ந்தார்கள். பெரிய மகசீர் அற்றுப்போய்விட்டது என்றே வெளியுலகம் எண்ணத் தொடங்கியது.

1972இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவலர்களை நிறுத்தியது. 1970களின் பிற்பாதியில் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் குழு ஒன்று பெரிய மீன்கள் இன்னும் இருப்பதைத் தூண்டிலால் காட்டியது. பிறகு கர்நாடக அரசின் விடுதி நிறுவனம் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது. பருவமழை இறங்குவதற்கு முந்தைய மாதங்களில், நீர் தெளிந்து தாழும்போது விருந்தினர் வருவார்கள். கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டைதான் பெயர்போன இரை. உள்ளூர் வழிகாட்டி பரிசலில் கூட்டிப்போய் எந்தக் கசத்தில் எறிவது என்று சொல்வார். அந்த வழிகாட்டிகளிலும் காவலர்களிலும் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். ஆற்றின் ஒவ்வொரு பாறையும் அவர்களுக்குத் தெரியும். மீனை எடை பார்த்து, பதிவேட்டில் எழுதி, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. வெடிச் சத்தத்தை அடக்கியதில் சட்டம் செய்யாததை இந்த முகாம்கள் செய்தன.

ஆனால் அதே அக்கறையே கேட்டுக்கும் வழி திறந்தது. மகசீரைப் பெருக்கும் எண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். காவிரிக்கே உரியது முதுகில் திமில் எழும்பிய வேறொரு மகசீர். வந்த இனம் பெருகியது. ஊர் இனம் ஒடுங்கியது. அதை அப்போது யாரும் கணக்கிடவில்லை, மகசீர் என்றால் ஒன்றே என்று எண்ணியதால்.

இதை வெளிக்கொண்டுவந்ததும் முகாம் பதிவேடுதான். காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் குறிப்புகளை ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றம் நீலத்துடுப்பு மீனுடையது. திமில் மகசீர் அரிதாகிக்கொண்டே வந்தது. சிக்கியவையும் வர வரப் பெரியவையாகவே இருந்தன. தூண்டில்காரருக்கு மகிழ்ச்சி தரும் அந்தப் பெரிய உருவம், புதுக் குஞ்சுகள் வளர்ந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம்.

உலகப் புகழ் பெற்றும் அந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியாகாமலே இருந்தது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் ஊடே ஓடிப் பவானிசாகரில் சேரும் மாயாற்றில் கிடைத்த மீன்களை 2018இல் ஆராய்ந்து, அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற இனமே இது என்று நிறுவினார்கள். மீனியல் அறிஞர் கே. ரெமாதேவியின் பெயர் அது. அதே ஆண்டு, அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பட்டியலிட்டது.

முகாம்கள் இருந்த பகுதி 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவுயிர்ச் சரணாலயத்துக்குள் வருகிறது. சரணாலயத்தில் விளையாட்டாக மீன் பிடிப்பதும் வேட்டையே என்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால், 2012 வாக்கில் தூண்டில் முற்றாக நின்றது. முகாம்கள் இயற்கைச் சுற்றுலா விடுதிகளாகத் தொடர்கின்றன. பதிவேடும் அத்தோடு நின்றதால், காவிரியின் முதன்மை ஓட்டத்தில் மகசீர்களைப் பற்றி ஆண்டுதோறும் சேர்ந்துவந்த தகவல் அற்றுப்போனது. திமில் மகசீருக்கு எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் மாயாறு.