கிராண்ட் ஆர்மி கிளைகள்

கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வட மாநிலங்களின் தரப்பில் போரிட்டவர்கள் அமைத்த முன்னாள் படைவீரர் சங்கம். 1866 முதல் 1956 வரை இருந்தது. ஊர்தோறும் அமைந்த அதன் கிளைகளுக்கு ‘போஸ்ட்’ என்று பெயர். சந்தா, தவறாத கூட்டங்கள், நலிந்தோர் நிதி, கூடிப் பேச ஒரு கூடம் ஆகியவற்றோடு இவை முதிய வீரர்களின் மனமகிழ் மன்றங்களாகவும் விளங்கின.

தோற்றம்

முதல் கிளை 1866 ஏப்ரல் 6 அன்று இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் 12 உறுப்பினர்களுடன் தொடங்கியது. நிறுவனர் பெஞ்சமின் ஸ்டீவன்சன், 14ஆம் இல்லினாய் காலாட்படையில் மருத்துவராக இருந்தவர். அவர் வசித்த ஸ்பிரிங்ஃபீல்டை விட்டுவிட்டு டிகேட்டர் ஏன் முந்தியது என்பதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. சங்கத்தின் சடங்குக் கையேடு ரகசியமானது. ஆகவே முன்னாள் வீரர்களே வேலைபார்த்த டிகேட்டர் அச்சகத்தில் அது அச்சுக்குக் கொடுக்கப்பட்டது. அச்சுக்கோத்தவர்களும் ஆர்வம் கொண்டு சேர்ந்துவிட்டார்களாம்.

சங்கம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குடியரசுக் கட்சிக்கு வாக்குத் திரட்டவே தோன்றியது என்பர் சிலர். தோழமையும் உதவியுமே நோக்கம் என்பர் வேறு சிலர். தொடக்க ஆண்டுகளில் இரண்டும் கலந்தே இருந்ததாகத் தெரிகிறது. 1868இல் தலைவர் ஜான் லோகன் பிறப்பித்த ஆணைப்படி மே 30 அன்று வீரர்களின் கல்லறைகளுக்கு மலர் சாத்தும் வழக்கம் நாடெங்கும் பரவியது. இவ்வழக்கத்தை முதலில் தொடங்கியது தாங்களே என்று பல ஊர்கள் உரிமை கோருகின்றன.

1869இல் உறுப்பினர்களை மூன்று படிநிலைகளாகப் பிரித்த விதி பலரை விலகச் செய்தது. 1871இல் அது கைவிடப்பட்டது. 1870களின் நடுப்பகுதியில் உறுப்பினர் எண்ணிக்கை 30,000க்கும் கீழே இருந்தது.

உச்சம் (1880–1900)

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளான பிறகே கிளைகள் பெருகின. 1890இல் 7,000க்கும் மேற்பட்ட கிளைகளில் 4,09,489 பேர் இருந்தனர். சில இடங்களில் இது 4,90,000 என்று காணப்படுகிறது. எண்கள் இடம் மாறிய பிழையாக இருக்கலாம். இருபது பேர் கொண்ட சிற்றூர்க் கிளையும் உண்டு, ஆயிரம் பேர் கொண்ட நகரக் கிளையும் உண்டு.

கிளைக்கு உயிரோடிருப்பவர் பெயரை வைக்கக் கூடாது. ஒரே மாநிலத்தில் இரு கிளைகள் ஒரே பெயரைக் கொள்ளவும் கூடாது. சேர விரும்பியவரின் படைச் சேவை முதலில் சரிபார்க்கப்படும். பின்னர் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து சென்று பெட்டியில் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுவார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கறுப்பு உருண்டை விழுந்தால் மனு தள்ளுபடி. கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கிச் செய்த ஐந்துமுனை நட்சத்திரம் உறுப்பினர் அடையாளம். ‘கேம்ப்ஃபயர்’ எனப்பட்ட விருந்து மாலைகளில் அவித்த பீன்ஸ், காப்பி ஆகியவற்றோடு போர்க்காலக் கெட்டி ரொட்டியும் பரிமாறப்பட்டது. படையில் அதைத் திட்டித் தீர்த்தவர்களே இப்போது காசு கொடுத்து உண்டார்கள். பல கிளைகளில் ஒவ்வொருவரின் போர் நினைவுகளையும் எழுதிவைக்கும் பெரிய தோல் அட்டைப் பதிவேடும் இருந்தது.

சங்கத்தின் செல்வாக்கு 1890ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தில் வெளிப்பட்டது. 90 நாள் சேவை செய்து, உடலுழைப்புக்கு இயலாமற்போனவர்க்கு, அந்த இயலாமை போரால் வந்ததல்ல என்றாலும் ஓய்வூதியம் கிடைத்தது. 1890களின் தொடக்கத்தில் மத்திய அரசின் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வூதியத்துக்கே போனது.

கறுப்பின வீரர்களைச் சேர்க்க விதியில் தடை இருக்கவில்லை. தென் மாநிலங்களில் அவர்களுக்கெனத் தனி மாநிலப் பிரிவு அமைக்கும் கோரிக்கையை 1891 டெட்ராய்ட் மாநாடு நிராகரித்தது. நடைமுறையில் எவ்வளவு சமத்துவம் நிலவியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. ஸ்டூவர்ட் மெக்கானல் (1992) இனப் பிரிவினையை வலியுறுத்துகிறார். பார்பரா கேனன் (2011) இரு இனத்தவரும் சேர்ந்திருந்த கிளைகள் பலவற்றைச் சுட்டுகிறார்.

சரிவும் மூடலும்

1861 ஏப்ரல் 12க்கும் 1865 ஏப்ரல் 9க்கும் இடையில் வடக்குப் படையில் இருந்தவர்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி இறுதிவரை தளரவில்லை. 1898 ஸ்பெயின் போரின் வீரர்களையும் உலகப் போர் வீரர்களையும் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தனிச் சங்கங்கள் கண்டனர். அமெரிக்கன் லீஜன் 1919இல் தோன்றியது. ஆகவே கிராண்ட் ஆர்மி கிளைகளின் முடிவு அவற்றின் விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. கூட்டம் நடத்தக்கூட ஆளில்லாத கிளைகள் உரிமப் பத்திரத்தை மாநிலப் பிரிவிடம் திருப்பிக் கொடுத்தன. கொடிகளும் குறிப்பேடுகளும் நூலகங்களுக்கும் வீரர்களின் பிள்ளைகள் தொடங்கிய சங்கத்துக்கும் போயின, சில தொலைந்தன.

பென்சில்வேனியாவின் கார்னகி நகரிலிருந்த 153ஆம் எண் கேப்டன் தாமஸ் எஸ்பி கிளை ஒரு விதிவிலக்கு. போரில் உயிரிழந்த உள்ளூர் அதிகாரியின் பெயர் தாங்கிய இக்கிளை 1906இல் அவ்வூர் ஆண்ட்ரூ கார்னகி நூலகத்தின் மாடிக்குக் குடிவந்தது. 1911இல் தன்னிடமிருந்த போர்ச் சின்னங்களுக்குப் பட்டியலும் தயாரித்தது. உறுப்பினர்கள் மறைந்தபின் அறை பூட்டப்பட்டு, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பொருள்களை அடையாளம் காண அந்தப் பட்டியலே பின்னாளில் கைகொடுத்தது.

1949இல் இந்தியானாபொலிஸில் நடந்த கடைசி மாநாட்டின்போது உயிரோடிருந்த உறுப்பினர்கள் 16 பேர். வந்தவர்கள் 6 பேர். 1866இல் முதல் தேசிய மாநாடு கூடியதும் இதே நகரில்தான். கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன், மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் 1956 ஆகஸ்ட் 2 அன்று காலமானார். மினசோட்டா கனரகப் பீரங்கிப் படையில் முரசறைந்த அவர் போர்முனையைக் கண்டதில்லை. வயது 109 என்று அப்போது சொல்லப்பட்டது. மக்கள்தொகைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 106 என்பர். அவரோடு சங்கமும் கலைந்தது.

பிற்காலம்

வடக்குப் படைவீரர்களின் பிள்ளைகள் 1881இல் தொடங்கிய சங்கம் சட்டப்படியான வாரிசாகத் தொடர்கிறது. எஸ்பி கிளையின் அறை சீரமைக்கப்பட்டு 2010இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.