மைக் செட் அண்ணன் பெயரும் ராஜராஜன் கல்வெட்டும்

எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு தடவை, கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடுகிற ஒரு நாள் சந்திப்பு நடத்துகிறோம். ஏழெட்டு பேர் தங்கள் சனி, ஞாயிறுகளைக் கொடுத்து நடத்துவது. பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது, பதிவு செய்த சங்கமும் கிடையாது. ஒரு கல்லூரி அரங்கத்தைச் சும்மா தரும். ஒரு நிறுவனம் மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று டி-ஷர்ட் அடித்துக் கொடுக்கும்.

சில வருஷம் முன்னாடி ஸ்பான்சர் பேனர் தயாரிக்கிற வேலை எனக்கு வந்தது. மூன்று லோகோக்களை வாங்கி, அதிகம் கொடுத்தவருக்குப் பெரிசு, குறைச்சலாகக் கொடுத்தவருக்குச் சின்னது என்று அடுக்கி, மேலே "நன்றி" என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேர வேலை.

அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு மைக் செட் அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாடகை வாங்காமல், வண்டிச் சத்தம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர். மத்தியானம் புரொஜெக்டர் மக்கர் பண்ணியபோது தன் கடைக்குப் போய் வேறு ஒன்று எடுத்து வந்து மாட்டியவரும் அவர்தான். பேனரைக் கழற்ற எனக்குக் கை கொடுத்தார். சுருட்டும்போது அதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்: "இதுல நம்ம பேரு எங்க தம்பி?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் செத்துப்போச்சு. "அடுத்த தடவை போட்டுடலாம்ணே" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி. அதன் முதல் பகுதி 1891-ல் வெளிவந்தது. அன்று ராத்திரி அதைத் திறந்தபோது புத்தகமே வேறு மாதிரி தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் யார் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்பதுதான். நான் அரை மணி நேரத்தில் முடித்த வேலையை இவர்கள் எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வியோடு மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்தக் குறிப்புகள் அதிலிருந்து வந்தவை.

உப்பு வணிகனும் கொழு வணிகனும்

தஞ்சாவூருக்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் தமிழில் எழுத்து எவ்வளவு பழசோ கிட்டத்தட்ட அவ்வளவு பழசு. நமக்குக் கிடைத்த தமிழ் பிராமிக் குகைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நன்கொடைக் குறிப்புகள்தான். சமணத் துறவிகள் தங்கப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், கூரை போட்டுக் கொடுத்தவர்கள், நீர்வடி விளிம்பு செதுக்கிக் கொடுத்தவர்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் கிடாரிப்பட்டி அழகர்மலைக் குகையில் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. உப்பு வணிகன், பணித வணிகன் (வெல்லம் விற்பவர்), கொழு வணிகன் (கலப்பைக்கு இரும்புக் கொழு விற்பவர்), அறுவை வணிகன் (துணிக்காரர்), பொற்கொல்லன். பல பெயர்களுக்கு முன்னால் தொழில்; சிலருக்கு ஊரும் உண்டு, மதுரை என்று. சேர்ந்து ஒரு காரியம் செய்த கடைத்தெருக்காரர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கரூர் பக்கத்துப் புகளூர் மலையில் சேரர் குலத்து இளங்கடுங்கோ இளவரசரானதையொட்டி வெட்டிக்கொடுத்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை அதில் வரும். சேரர் வரலாற்றுக்கு அது பெரிய ஆதாரம் என்பதால் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். அதே மலையில் கருவூர்ப் பொன் வணிகன் நத்தி என்பவரின் வரியும் இருக்கிறது. ஊர், தொழில், பெயர், கொடுத்த படுக்கை. அவ்வளவுதான். ஆனாலும் இருக்கிறது.

விமானத்தில் யார், சுற்றில் யார்

இப்போ தஞ்சாவூர். பெரிய கோயிலின் முதல் கல்வெட்டில் ராஜராஜன் போட்ட ஆணை இது: நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை, எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லில் வெட்டுக. ஆட்சியின் 26-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1010.

அக்கன் என்பது குந்தவை. மனைவியருக்கு முன்னால் அக்கா வருகிறார் என்பதை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். என் கண் நின்றது கடைசிச் சொல்லில். "மற்றவர்கள்" என்று ஒரு இடம் ஆணையிலேயே இருக்கிறது. முதல் நாளே அவர்களுக்கும் கல்லில் இடம் ஒதுக்கியாயிற்று.

இதை வைத்து எல்லாம் சமத்துவம்னு சொல்லிவிட முடியாது. ராஜராஜன் கொடுத்ததும் குந்தவை கொடுத்ததும்தான் நடு விமானத்தில் இருக்கின்றன. அரசியரும் அதிகாரிகளும் கொடுத்தவை சுற்றுமாளிகை மாடங்களிலும் தூண்களிலும் போய்விட்டன. பிளாட்டினம் ஸ்பான்சருக்கு மேடைக்குப் பின்னால், சில்வர் ஸ்பான்சருக்கு வாசல் பக்கம் என்று நாம் பிரிக்கிற மாதிரிதான். ஆயிரம் வருஷம் முன்னாடியும் இடத்துக்கு ஒரு விலை இருந்திருக்கிறது.

ஆனால் இடம் எதுவாக இருந்தாலும், எழுதப்பட்ட விதம் ஒன்று. அரசன் கொடுத்தாலும் அதிகாரி கொடுத்தாலும் கேள்விகள் அதேதான்: என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை, எந்தக் கல்லால் நிறுத்தது, எதுக்காக, யார் பொறுப்பு.

விமான உச்சிக்கு ராஜராஜன் கொடுத்த செப்புக் குடம் 3083 பலம். அதன்மேல் போர்த்த பொன் தகடு 2926½ கழஞ்சு. இத்தனை பெரிய அரசன் கொடுத்ததிலும் அந்த அரைக் கழஞ்சை விடவில்லை. நகைகளைப் பொன் நிறுக்கும் "ஆடவல்லான்" என்ற கல்லால் நிறுத்தார்கள். ரத்தினங்களுக்குத் தனிக் கல். சரடு, சட்டம், செப்பாணி இவற்றையெல்லாம் நீக்கித்தான் எடை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். செப்புத் திருமேனிகளுக்கு முழம், விரல் கணக்கில் உயரம்.

சுற்றில் பெயர் உள்ளவர்களில் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பவர் எனக்கு ரொம்பப் பிடித்தவர். கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவர், நம்ம பாஷையில் நிர்வாகி. தானே பல திருமேனிகளைச் செய்து கொடுத்திருக்கிறார். நடத்துகிறவரே கைக்காசும் போடுவது தன்னார்வலர் கூட்டம் எதிலும் பார்க்கலாம். நாங்கள் வழக்கமாக அதை எங்கேயும் எழுதுவதில்லை. இவருடையது எழுதப்பட்டிருக்கிறது.

சாகாத ஆடு

கொடுத்ததை எழுதுவது பாதிதான். கொடுத்தது என்ன ஆச்சு என்பது மீதி.

ஒரு விளக்கு தினமும் எரிய ஒரு உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு. ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்படும். யாரிடம் எத்தனை ஆடு என்பதோடு, அவருக்குப் பொறுப்பேற்கும் உறவினர் பெயர்களும் கல்வெட்டில் வரும். சோழர் கல்வெட்டுகள் இந்த ஆட்டை "சாவா மூவாப் பேராடு" என்கின்றன. ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும். ஆனால் குட்டி போட்டுப் பெருகுவதால் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டியது மேய்ப்பவர் பொறுப்பு. கணக்கில் எப்போதும் 96.

பணமாகக் கொடுத்தால் அது ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குப் போகும். காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த ஊர்ச் சபை எத்தனை காசு வாங்கியது, வட்டி எதற்குப் போகணும், எல்லாம் கல்லில். ஆக அந்தக் கல்வெட்டு கொடுத்தவருக்குப் பெருமை, வாங்கியவருக்குப் பத்திரம். நம்ம பேனரில் முதலாவது மட்டும் இருக்கிறது.

இதே சுவரில் வேலை செய்தவர்கள் பெயரும் இருக்கிறது. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவர் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று. கதவு எண் போட்ட மாதிரி. தொடர்ந்து ஆடல் ஆசான்கள், பாடுபவர்கள், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் என்று போகும். இவர்கள் தன்னார்வலர்கள் கிடையாது. நெல் பங்கு ஊதியம் உண்டு. அந்தப் பெண்களிடம் விருப்பம் கேட்டுக் கொண்டுவந்தார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அதனால் இதைப் பொற்காலக் கதையாக்க நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: காரியம் நடக்க யாரெல்லாம் தேவையோ, அவர்களும் கணக்கில் வந்தார்கள்.

டியூப் லைட் உபயம்

இதற்கும் நம்ம காலத்துக்கும் நடுவில் எங்கேயோ கணக்கு உதிர்ந்து பெயர் மட்டும் மிஞ்சியது. கோயில் டியூப் லைட்டில் "உபயம்" என்று குடும்பத்தோடு எழுதி வெளிச்சத்தையே மறைப்பதைக் கிண்டல் பண்ணாதவர் கிடையாது. ஆனால் யோசித்தால், அந்த டியூப் லைட் எங்கள் பேனரைவிட நேர்மையானது. கொடுத்த பொருளின் மேலேயே பெயர் இருக்கிறது. இன்னார் கொடுத்தது இந்த விளக்கு என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் பேனரில் லோகோ இருந்தது. அவர் கொடுத்தது சோறா, சட்டையா, நாற்காலியா என்று வந்தவர் யாருக்கும் தெரியாது.

ஸ்பான்சரே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. ஜெர்மனியில் 1984-லிருந்து நடக்கும் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் நிறுவன ஸ்பான்சர் விளம்பரம் கிடையாது. வருகிறவர்களின் டிக்கெட் பணமும், "ஏஞ்சல்" என்று அவர்கள் அழைக்கும் தன்னார்வலர்களின் உழைப்பும்தான். எங்கள் குழுவிலும் ஒருத்தர் இதைச் சொன்னார். ஆனால் எங்களிடம் வருவது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். டிக்கெட் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். எங்களுக்குக் கொடுப்பவர்கள் வேண்டும். வேண்டும் என்றால் அவர்களை ஒழுங்காக எழுதணும்.

அடுத்த வருஷம் பேனருக்குப் பதிலாக ஒரு பட்டியல் போட்டோம். நாலு கட்டம்: கொடுத்தவர், கொடுத்தது, எதுக்காக, நம்ம பக்கம் யார் பொறுப்பு. ஒரு நிறுவனம் தொகையைப் போட வேண்டாம் என்றது. பார்த்தால் எல்லாரும் வந்து கேட்பார்களாம். நியாயம்தான். தொகையை எடுத்துவிட்டு "மதியச் சாப்பாடு, 120 பேருக்கு" என்று எழுதினோம். படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே நன்றாகப் புரிந்தது. கல்லூரியின் அரங்கம், அதைத் திறந்து மூடிய வாட்ச்மேன், பாதி விலைக்கு அச்சடித்துக் கொடுத்த கடை, ஆறு வாரம் சனிக்கிழமை வந்த பிள்ளைகள், எல்லாம் ஏறியது. மூன்று வரியில் முடிந்தது முப்பது வரிக்கு மேல் போனது. லோகோவும் ஓரத்தில் உண்டு, யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

மைக் செட் அண்ணன் வரி இப்படி: மைக் நாலு, ஸ்பீக்கர் ரெண்டு, மாற்று புரொஜெக்டர் ஒன்று, வயர் 200 மீட்டர், ஒரு நாள், வாடகை இல்லாமல்.

காலையில் அவர் வந்து அதன் முன்னால் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். தன் வரி வந்ததும் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வயர் இருநூறு இல்ல, நூத்தம்பதுதான். மாத்திடு."

பேனா வாங்கி அங்கேயே மாற்றினேன்.