விடுமுறைக்கால இணையத் தாக்குதலும் வணிக நிறுவனங்களின் தற்காப்பும்

விடுமுறைக்கால இணையத் தாக்குதல் என்பது, ஒரு நிறுவனம் பண்டிகைக்காகவோ வார இறுதிக்காகவோ மூடப்பட்டிருக்கும் நாள்களைக் குறிவைத்து அதன் கணினிகளிலும் வங்கிக் கணக்குகளிலும் நடத்தப்படும் ஊடுருவலைக் குறிக்கும். கடவுச்சொற்களும் பாதுகாப்பு மென்பொருள்களும் வேலை நாளில் இருந்தபடியே விடுமுறையிலும் இருக்கின்றன. வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டு விசாரிக்கும் ஆள்கள்தான் அன்று இருப்பதில்லை. ஊடுருவல் நிகழும் நேரத்துக்கும் அது கண்டறியப்படும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி நீள நீளச் சேதமும் பெருகும் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டவர்கள்கூடக் கைவரிசையைக் காட்ட நாள்காட்டியைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த கொள்ளை. வேலை கேட்டு விண்ணப்பிப்பது போல 2015 தொடக்கத்தில் அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் வழியே அவ்வங்கியின் கணினிகளுக்குள் தீநிரல், அதாவது தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள், நுழைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் மணிலா வங்கிக் கிளை ஒன்றில் பணத்தைப் பெறுவதற்கான கணக்குகளும் தொடங்கப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அக்கணக்குகள் அசையாமல் கிடந்தன. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். பிலிப்பைன்சில் பிப்ரவரி 8, திங்கட்கிழமை, சீனப் புத்தாண்டு விடுமுறை. இந்த மூன்றும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த வாரத்தின் வியாழன் இரவு, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்ற ஆணைகளைச் சுமந்து செல்லும் ஸ்விஃப்ட் வலைப்பின்னல் வழியாக, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசத்தின் கணக்கிலிருந்து மொத்தம் 95.1 கோடி டாலரை அனுப்பச் சொல்லும் 35 பொய் ஆணைகள் புறப்பட்டன.

பரிமாற்றச் செய்திகளைத் தானாக அச்சிடும் அச்சுப்பொறியை அத்தீநிரல் முடக்கியிருந்தது. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையிலும் பணிக்கு வந்த ஓர் அலுவலர், அச்சுத் தாள் எதுவும் வெளிவராததைக் கண்டும், இயந்திரக் கோளாறு என்றே கருதிவிட்டுச் சென்றார். சனிக்கிழமை அச்சு மீண்டு, சில ஆணைகளைப் பற்றி நியூயார்க் எழுப்பியிருந்த ஐயங்கள் தாளில் வெளிவந்தபோது, அங்கே வார விடுமுறை தொடங்கிவிட்டிருந்தது. டாக்காவிலிருந்து சென்ற மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் பதிலில்லை. திங்களன்று மணிலாவுக்குச் சென்ற நிறுத்தக் கோரிக்கை புத்தாண்டு விடுமுறையில் படிக்கப்படாமல் கிடந்தது. செவ்வாயன்று பணத்தின் பெரும்பகுதி கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஐந்து ஆணைகள் நிறைவேறி, 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்கும், 2 கோடி டாலர் இலங்கைக்கும் சென்றன. இலங்கைக்குச் சென்ற தொகை மட்டும், பெறுவோர் பெயரில் இருந்த எழுத்துப்பிழை இடைநிலை வங்கி ஒன்றின் கண்ணில் பட்டதால் மீட்கப்பட்டது.

இதனுடன் ஒப்பிடத்தக்கது, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்த ஊடுருவல். அங்கும் ஸ்விஃப்ட் அச்சுப்பொறி முடக்கப்பட்டு, சுமார் 20 லட்சம் டாலர் மூன்று பரிமாற்றங்களாக வெளியேறியது. ஆனால் அது வேலை வாரத்தின் நடுப்பகுதி. மறுநாள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதே மோசடி வெளிப்பட்டு, தொகையின் ஒரு பகுதி உடனடியாகத் தடுக்கப்பட்டது. விடுமுறை நாளிலும் யாரேனும் ஒருவர் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.

ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் தீநிரல், பரவிய பிறகு விடுமுறையைக் குறிவைக்கும் இவ்வழக்கம் தொழில் நிறுவனங்களையும் தொட்டது. அமெரிக்காவில் 2021 மே மாத இறுதியில் நினைவு நாள் விடுமுறையை ஒட்டி ஜேபிஎஸ் இறைச்சி நிறுவனமும், ஜூலை 2 அன்று, சுதந்திர நாள் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கசேயா என்னும் மென்பொருள் நிறுவனமும் தாக்கப்பட்டன. கசேயாவின் மென்பொருள் வழியே பாதிப்பு அதன் வாடிக்கையாளர்களின் வாடிக்கையாளர்கள் வரை பரவியதால், சுவீடனில் கூப் பலசரக்குக் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. இவற்றைக் கண்ட அமெரிக்க அரசு அமைப்புகள் அவ்வாண்டு ஆகஸ்டில் விடுமுறைகளுக்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டன.

தற்காப்பின் முதல் படி, அலுவலகம் பூட்டப்படுவதற்கு முன்பே வெளியிலிருந்து நுழையும் வழிகளைக் குறைப்பதாகும். 2021 மே மாதம் தாக்கப்பட்ட அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனில் தாக்குவோர் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாதிருந்தும் நீக்கப்படாத, கடவுச்சொல்லைத் தவிர வேறு சரிபார்ப்பு கேட்காத பழைய தொலை அணுகல் கணக்கு ஒன்றின் வழியாகவே. ஆகவே வேலையை விட்டுச் சென்றோரின் கணக்குகளையும், பழுதுபார்க்க வந்தவர்களுக்குத் தற்காலிகமாகக் கொடுத்த அனுமதிகளையும் நீக்குவதும், எஞ்சியவற்றுக்கு ஓடிபி போன்ற இரண்டாம் நிலைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதும், தேவைப்படாத கணினிகளை அணைத்துவிடுவதும் விடுமுறைக்கு முந்தைய வாரத்து வேலைகளாக அமைய வேண்டும். பேக்கப் எனப்படும் காப்புப்படிகளில் ஒன்றேனும் வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்ட வன்தட்டில் இருக்க வேண்டும். இணைப்பிலேயே இருக்கும் படியை ரான்சம்வேர் மூலக் கோப்போடு சேர்த்தே பூட்டிவிடும். எந்தக் காப்புப்படியானாலும், அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்காத வரை அதை நம்புவதற்கில்லை.

சிறு நிறுவனங்களுக்கு நேரக்கூடிய ஓர் இழப்பு, முதலாளி வெளியூரில் இருக்கும்போது அவர் பெயரிலோ, சரக்கு அனுப்புவோர் பெயரிலோ வரும் போலி மின்னஞ்சலால் ஏற்படுகிறது. அவசரமாகப் பணம் கேட்டோ, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்றோ வரும் எந்தச் செய்தியையும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டு, ஏற்கெனவே கையில் உள்ள எண்ணில் அழைத்து உறுதி செய்த பின்பே ஏற்க வேண்டும். இணைய வங்கியின் பரிமாற்ற வரம்பையும் விடுமுறைக்கென்று குறைத்து வைக்கலாம். எந்தத் தேதி வரை யார் இருக்கமாட்டார் என்று விரிவாகச் சொல்லும் தானியங்கிப் பதில் மின்னஞ்சல்கள் மோசடியாளருக்கே உதவும்.

எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்க ஒருவரும், அவர் கிடைக்காவிட்டால் மற்றொருவரும் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டு, வங்கியின் அவசர எண் உட்பட அனைத்தும் தாளில் எழுதப்பட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும். கணினி பூட்டப்பட்ட பிறகு அதற்குள் இருக்கும் பட்டியலால் பயனில்லை. இந்தியாவில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்கலாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணையின்படி, வரையறுக்கப்பட்ட இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிப்பது கடமை. அதில் விடுமுறைக்கு விலக்கில்லை.

அலுவலகம் மீண்டும் திறக்கும் காலையில், குவிந்த மின்னஞ்சல்களைத் திறப்பதற்கு முன், விடுமுறையில் யார் எப்போது எங்கிருந்து உள்நுழைந்தார்கள் என்ற பதிவுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் பார்த்துவிட வேண்டும். ஐயத்துக்குரிய கணினி கிடைத்தால் அதை வலைப்பின்னலிலிருந்து பிரித்துவைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வல்லுநர் பார்க்கும் வரை துடைத்து மறுநிறுவல் செய்யாமல் இருப்பது அவசியம்; துடைத்துவிட்டால் ஊடுருவியவர் வந்த வழியைக் காட்டும் தடயங்கள் அழிந்து, அதே வழி திறந்தே கிடக்கும்.