களைப்பும் களையும்: ஒரு தோட்டத்துச் சொல்லாராய்ச்சி

“என்னாக்கா, மொகத்துல களையே காணோம், ரொம்பக் களச்சிப் போயிட்டீங்களா?”

நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்த காலத்தில், நண்பகலையொட்டித் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நாள்தோறும் காதில் விழுந்த கேள்வி இது. விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போன பால்வெட்டுக்காரி ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பியிருப்பாள். தோளில் தூக்கிச் சுமக்கும் காண்டா வாளிகள் காலியாகக் கிடக்கும். சட்டையில் தெறித்த பால் காய்ந்து கறுத்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கேட்பது ஒரே வாக்கியம். அதில் களை இருமுறை வருகிறது. இரண்டும் ஒரே சொல்லா?

ஒன்றுதான் என்போர் உண்டு. முகத்தின் களை போவதே களைப்பு என்று தமிழ்மொழி வகுப்பில் எனக்கே சொல்லித் தந்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இலக்கணம் இடங்கொடுக்கவில்லை.

பெயரோடு உறவுகொண்ட இவ்வகை வினைகள், அப்பெயர் சுட்டும் பொருள் வந்து சேர்வதையே சொல்லும். நரை வந்தால் தலை நரைத்தது. நுரை வந்தால் பால் நுரைத்தது. பூ வந்தால் செடி பூத்தது. பூ உதிர்ந்ததைப் பூத்தது என்பாரில்லை. அந்த வழக்கப்படி, ஒளி என்னும் பொருளுடைய களையிலிருந்து களைத்தல் பிறந்திருந்தால், முகம் களைத்தது என்பதற்கு முகம் பொலிந்தது என்றல்லவா பொருள் வரவேண்டும்? வந்திருப்பது நேர்மாறான பொருள்.

ஒளியைக் குறிக்கும் களை, நிலவின் கலையைச் சுட்டும் ‘கலா’ என்ற வடசொல்லின் வழி வந்தது என்று கொள்வதே பொருத்தம். தெலுங்கில் முகப்பொலிவைக் ‘கள’ என்பார்கள், கன்னடத்தில் ‘களெ’. லகரம் ளகரமானது மூன்று மொழிக்கும் பொதுவாக இருக்கிறது. திருவிழா களைகட்டியது என்கிறோமே, அதிலும் இந்தக் களைதான். குறள் 550இல் வரும் களைகட்டல் வேறு. அங்கே பறிக்கப்படுவது பயிருக்கு நடுவே முளைத்த களை. கட்டல் என்பதும் பிணித்தல் அன்று, ‘கள்’ என்னும் வினையடியாகப் பிறந்த பறித்தல். ஒலி ஒன்றாக இருப்பதை நம்பி வேர் தேடுகிறவர் வழுக்கி விழும் இடம் இது.

அப்படியானால் பறித்தல் பொருளிலிருந்து களைப்பு வந்திருக்கலாமே, வலிமை களையப்பட்ட நிலைதானே என்று கேட்கலாம். வினைத்திரிபு அதையும் தடுக்கிறது. உடைந்தது, உடைத்தான்; சேர்ந்தது, சேர்த்தான் என்னும் இணைகளில் மெல்லினம் பெற்றது தன்வினை, வல்லினம் பெற்றது பிறவினை. களைந்தான், களைத்தான் என்பவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். களைந்தான் என்பதற்குச் செயப்படுபொருள் வேண்டும். களைத்தான் என்பதற்கு வேண்டாம். தலைகீழாக நிற்கும் இவற்றை ஓர் இணையாக்க வழியில்லை. களைத்தான் நிற்க வேண்டிய வரிசை இளைத்தான், சளைத்தான் இருக்கும் வரிசை. மூன்றும் வல்லினம் பெற்றும் செயப்படுபொருள் குன்றியவை. மூன்றும் உடலின் தளர்ச்சியைச் சொல்பவை. இளைத்தல் இன்று மெலிதலையே பெரிதும் குறித்தாலும், சோர்தல் என்ற பொருள் இளைப்பாறுதலில் தங்கிவிட்டது. களைப்பாறுதலும் அந்த அச்சில் வார்த்ததே. மலேசியத் தமிழர் காலை உணவைப் பசியாறுதல் என்பார்கள். பசியும் களைப்பும் ஆறக்கூடியவை, சூடும் புண்ணும் போல.

ஆக, வேர்கள் வேறு. ஆனாலும் அந்தப் பொய்வேர் இங்கே இவ்வளவு எளிதாக ஊன்றியதற்குத் தோட்டத்து வேலையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும், 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை, கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, ஆர்க்காட்டுப் பக்கத்து நெல்வயலில் களையெடுத்த கைகள் அவை. வந்த இடத்தில் நாற்று இல்லை, நடவு இல்லை. பால்வெட்டு அல்லாத வெளிக்காட்டு வேலையில் இருந்தது லாலான் புல். அதை வெட்டினால் புல்லுவெட்டு, பின்னாளில் மருந்தடி. 2020இல் மலேசியா முற்றாகத் தடைசெய்த பாராகுவாட் களைக்கொல்லிகூட எங்கள் வாயில் வெறும் மருந்துதான். பயிரின் களையைக் களை என்று எங்கள் தோட்டத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். வயலோடு அந்தப் பொருளும் பின்தங்கிவிட, தோட்டத்துப் பிள்ளைக்குக் களை என்றால் முகத்தில் இருப்பது மட்டுமே. களைப்பும் அந்த முகத்திலேயே தெரிவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ஒட்டிக்கொண்டாலும் கரைந்துவிடவில்லை. என் பாட்டி குளித்து, திருநீறு பூசி, தலைவாரி வெளியே வந்தால், “இப்பதான் களை வந்துச்சி” என்பார் பக்கத்து வீட்டு அத்தை. பாட்டி பாயை விரித்தபடியே பதில் சொல்வார்: “களை வந்து என்ன செய்ய, களைப்பு போகலியே.”