இரண்டு பேர், ஓர் ஓர்கன்: ‘சூசைட்’ குழுவின் நாற்பத்தைந்து ஆண்டுகள்

கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாக மகியங்கனைக்குப் போகும் வீதியில் ஏதாவதொரு கல்யாண வீட்டு விருந்துக்குப் போனவர்களுக்கு ‘வன் மேன் பாண்ட்’ பழக்கமானதுதான். ஒரு கீபோட், தாளத்துக்கு ஒரு பொத்தான், ஓர் ஒலிவாங்கி. சில இடங்களில் பாடுவதற்கென்று இன்னொருவரும் நிற்பார். விருந்தினர் சாப்பிட்டபடியே கேட்பார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏறத்தாழ இதே சாமான்களுடன் 1970களில் நியூயோர்க்கில் இருவர் மேடையேறினார்கள். அவர்களை நோக்கிப் போத்தல்கள் பறந்தன. அந்தக் குழுவின் பெயர் சூசைட். பாடியவர் அலன் வேகா. வாசித்தவர் மார்ட்டின் ரெவ்.

இவர்களை மின்னணு இசையின் முன்னோடிகள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அந்த முடிவோடு உடன்படவில்லை. நியூயோர்க்கிலேயே 1967இல் ‘சில்வர் அப்பிள்ஸ்’ என்ற இருவர் குழு மின்னலைவுக் கருவிகளை அடுக்கிவைத்து வாசித்திருக்கிறது. ஜேர்மனியின் ‘கிராப்ட்வேர்க்’ குழுவின் ‘ஓட்டோபான்’ 1974இல் வந்துவிட்டது. சூசைட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. றோக் குழு ஒன்றில் கட்டாயம் இருக்கவேண்டும் என்று எல்லோரும் நம்பிய கிற்றாரையும் டிரம்ஸையும் கழித்துவிட்டு, மிஞ்சியதை வைத்தே பாடினார்கள். பெரிய கோட்பாடு எதுவும் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கையில் காசு இருக்கவில்லை.

வேகா 1938இல் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் போருக் அலன் பேர்மோவிட்ஸ். பிறந்த ஆண்டு 1948 என்றே பல காலம் அச்சில் வந்தது. எழுபதாவது பிறந்தநாள் கொண்டாடப்பட்டபோதுதான் பத்து வயதை அவர் மறைத்திருந்தது பலருக்குத் தெரிந்தது. புரூக்ளின் கல்லூரியில் ஓவியர் அட் ரைன்ஹார்ட்டிடம் படித்தவர், பிறகு பல்புகளையும் பழைய மின்சாமான்களையும் கொண்டு ஒளிச்சிற்பங்கள் செய்தார். 1969இல் ‘ஸ்டூஜஸ்’ குழுவின் நிகழ்ச்சியில் இக்கி பொப் ஆடிய ஆட்டம் அவரைச் சிற்பத்திலிருந்து மேடைக்கு இழுத்தது. ரெவ் அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஜாஸ் பியானோ மேதை லெனி ட்ரிஸ்டானோவிடம் பாடம் கேட்டவர். இருவரும் சந்தித்தது மன்ஹட்டனில் கலைஞர்கள் சேர்ந்து நடத்திய ‘புரொஜெக்ட் ஒஃப் லிவிங் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ கூடத்தில். அது இரவும் பகலும் திறந்திருந்த இடம்.

1970இல் தொடங்கும்போது கிற்றார் வாசிப்பவர் ஒருவரும் இருந்தார். அவர் போனார். சில காலம் ரெவ்வின் மனைவி மாரி டிரம்ஸ் வாசித்தார், அதுவும் நீடிக்கவில்லை. அந்த ஆண்டிலேயே தங்கள் விளம்பரத் துண்டுகளில் ‘பங்க்’ இசை என்று அச்சிட்டவர்கள் இவர்கள். பங்க் குழுவான ‘ரமோன்ஸ்’ பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் இது நடந்தது. பின்னாளில் இவர்களைப் ‘போஸ்ட்-பங்க்’ அடுக்கில் வைத்தது விமர்சகர்களின் வசதிக்காகத்தான். பங்க் இசைக்குப் பின் வந்த தலைமுறை இவர்களைத் தன் மூதாதையராகத் தத்தெடுத்துக்கொண்டது என்று சொன்னால் கணக்குச் சரியாகும்.

அன்றைய நியூயோர்க்கும் கவனிக்கத்தக்கது. 1973 ஓகஸ்டில், இவர்கள் பாடிவந்த மேர்சர் கலை நிலையம் இருந்த பழைய ஹோட்டல் கட்டடம் இடிந்தே விழுந்தது. 1975இல் மாநகராட்சி வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. வியட்நாம் போர் அந்த ஆண்டில்தான் முடிந்தது. குழுவின் பெயர் தனிமனிதரின் சாவைக் குறிப்பதல்ல, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அமெரிக்காவைக் குறிப்பது என்று வேகா பேட்டிகளில் விளக்கியதை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்கவேண்டும். மேடையில் அவர் சைக்கிள் சங்கிலியைச் சுழற்றினார், தன் உடலைக் கீறிக்கொண்டார், வெளியேற முயன்றவர்களின் வழியை மறித்தார்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ரெவ்விடம் இருந்தது மலிவான இத்தாலிய ஓர்கன், பார்பிசா வகை. எழுபதுகளின் நடுவில் அதனுடன் ‘ரிதம் பிரின்ஸ்’ என்ற தாளப்பெட்டி சேர்ந்தது. ஜூக்பொக்ஸ் தயாரித்த சீபேர்க் நிறுவனம் வீட்டிலும் மதுச்சாலையிலும் ஓர்கன் வாசிப்போருக்காகச் செய்த பெட்டி அது. வால்ட்ஸ், ரம்பா, பொக்ஸ்ட்ரொட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். சந்தோஷமாக ஆடுவதற்கென்று செய்த அந்தத் தாளத்தை ரெவ் கரகரப்பு ஏற்றும் பெடல்களுக்குள் செலுத்தி, மேலே இரண்டு மூன்று சுரங்களை விடாமல் திருப்பித் திருப்பி வாசித்தார். ஜாஸில் தேர்ந்த கை அது. தெரியாமல் எளிமையாக வாசித்த கையல்ல. கேட்டவர்கள் எரிச்சலடைந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சத்தத்துக்கு றோக் ரசிகர் பழகியவர்கள்தான். இங்கே தாளம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர்கள் காத்திருந்த டிரம்ஸ் அடி கடைசிவரை விழவேயில்லை.

முதல் அல்பம் 1977 டிசம்பரின் கடைசி நாட்களில் மார்ட்டி தோவின் ‘ரெட் ஸ்டார்’ நிறுவனத்திலிருந்து வந்தது. ஏழே பாடல்கள். தயாரிப்பாளர் கிரெக் லியோன், ஜமைக்காவின் டப் இசையில் செய்வதுபோல, வேகாவின் குரலை எதிரொலிக்குள் தூக்கிப்போட்டார். ‘கோஸ்ட் ரைடர்’ மார்வல் சித்திரக்கதை மோட்டார்சைக்கிள் வீரனைப் பற்றியது போலத் தொடங்கி, தன் பிள்ளைகளையே பலிகொடுக்கும் நாட்டைப் பற்றியதாக முடிகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் ‘பிராங்கி டியர்ட்ராப்’ வேறு வகை. தொழிற்சாலையில் உழைத்தும் வீட்டு வாடகையும் சோறும் கட்டுபடியாகாத இருபது வயது இளைஞன், மனைவியையும் குழந்தையையும் சுட்டுத் தானும் சாகிறான். வேகா இதைப் பாடவில்லை. முணுமுணுக்கிறார், திடீரென்று அலறுகிறார். தொழிலாளர் துயரத்தைப் பாடிய ஆங்கிலப் பாடல்கள் ஏராளம். ஆறுதலாக ஒரு பல்லவிகூடத் தராத பாடல் என்று இதையே சொல்வேன்.

1978இல் எல்விஸ் கொஸ்டெல்லோவுக்கும் ‘த கிளாஷ்’ குழுவுக்கும் முன்னோட்டமாகப் பாட ஐரோப்பா போனார்கள். ஜூன் 16ஆம் திகதி பிரசல்ஸில் கூட்டம் கூச்சலிட்டு, ஒலிவாங்கியைப் பறித்து, நிகழ்ச்சியை 23 நிமிடத்தில் நிறுத்தியது. கோபமடைந்த கொஸ்டெல்லோ தானும் சுருக்கமாக முடித்துக்கொள்ள, கலவரம் மூண்டு பொலிஸ் வந்தது. அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு பின்னர் வெளியானது. இசையைவிடக் கூட்டத்தின் சத்தமே அதில் பெரிது. கிளாஸ்கோவில் தன் தலையை நோக்கிக் கோடரி ஒன்று பறந்துவந்ததாகவும் வேகா சொல்லியிருக்கிறார்.

‘த கார்ஸ்’ குழுவின் ரிக் ஒகாசெக் தயாரித்த இரண்டாம் அல்பம் (1980) மெருகேறியது. அதற்குச் சற்று முன் வந்த ‘ட்ரீம் பேபி ட்ரீம்’ (1979) அவர்களின் மிக மென்மையான பாடல். பிறகு இருவரும் தனித்தனியே பதிவுசெய்தார்கள். வேகாவுக்குப் பிரான்சில் வெற்றியும் கிடைத்தது. 1988, 1992, 2002 ஆண்டுகளில் வந்த மூன்று கூட்டு அல்பங்களும் முதலிரண்டுக்கு ஈடாகா. ஒளிவுமறைவின்றிச் சொன்னால், இவர்களின் வரலாற்றுப் பங்கு 1980உடன் நிறைவடைந்துவிட்டது.

அதன்பின் அந்த வரலாறு மற்றவர்களின் கைகளில் நடந்தது. ஒரு பாடகர், ஒரு கீபோட்காரர் என்ற அமைப்பை பிரித்தானியாவின் ‘சொஃப்ட் செல்’, ‘பெட் ஷொப் போய்ஸ்’ முதலான இருவர் குழுக்கள் பிரபலமாக்கின. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’வின் ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாடலில் பிராங்கியின் அலறல் கேட்கிறது. ‘ட்ரீம் பேபி ட்ரீம்’ பாடலை அவர் 2005இல் மேடைகளிலும் 2014இல் அல்பத்திலும் பாடினார்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான கண்ணி 2010இல் வருகிறது. குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி (மாயா) அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., ஏப்ரலில் ‘போர்ன் ஃப்ரீ’ பாடலை வெளியிட்டார். ‘கோஸ்ட் ரைடர்’ ஓர்கன் சுழற்சிதான் அதன் முதுகெலும்பு. பாடலாசிரியர் பட்டியலில் வேகாவும் ரெவ்வும் இருக்கிறார்கள். செம்பட்டை முடிக்காரரைத் தேடிப்பிடித்துச் சுட்டுக்கொல்லும் ரோமெய்ன் கவ்ராஸின் காணொளியை யூடியூப் மட்டுப்படுத்தியது. வன்னியில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வியட்நாம் காலத்து நியூயோர்க்கில் தன் நாட்டைக் குற்றஞ்சாட்டிய அதே ஓர்கன், வேறொரு நாட்டின் பிணக்கணக்கைக் கேட்கப் பயன்பட்டது. ஜூலையில் டேவிட் லெட்டர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மாயா அதைப் பாடியபோது, பின்னால் கீபோட்டை அடித்துக்கொண்டிருந்தவர் ரெவ்வேதான்.

இலங்கையில் இந்த வழியைத் தொடர்ந்தவர்கள் அரிது. 1998இல் தொடங்கிய பாத்தியா – சந்துஷ் இருவர் குழு பொப் இசையைத் தேர்ந்தது. 2001இல் கண்டியில் உருவான ‘பரனோயிட் ஏர்த்லிங்’ கிற்றாரைக் கைவிடவில்லை. கல்யாண வீட்டுக் கீபோட்டைக் கோபத்துக்குப் பயன்படுத்தும் குழு ஒன்று இங்கும் வரலாம். சாமான்கள் எல்லாம் ஊரிலேயே கிடக்கின்றன.

சூசைட்டின் கடைசி நிகழ்ச்சி 2015 ஜூலையில் லண்டன் பார்பிக்கன் அரங்கில் நடந்தது. மறு ஆண்டு ஜூலை 16ஆம் திகதி வேகா 78ஆவது வயதில் காலமானார். இவர்களை இனித்தான் கேட்கப்போகிறவர்கள் 1977 அல்பத்திலிருந்தே தொடங்குங்கள். அதில் ‘பிராங்கி டியர்ட்ராப்’ பாடலை மட்டும் மனம் சோர்ந்திருக்கும் இரவில் போடவேண்டாம்.