கேமரன் மலை வானைக் கடக்கும் விண்வெளி நிலையம்: மலேசியரின் பயணமும் நால்வரில் ஒருவரான வனஜாவும்

கேமரன் மலை – பனிமூட்டம் இல்லாத நாள்களில், விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் வேளையிலோ பொழுது சாய்ந்த சற்று நேரத்திலோ, ரிங்லெட், தானா ராத்தா வானில் மிகப் பிரகாசமான வெள்ளை ஒளி ஒன்று நகர்வதைச் சில சமயம் காணலாம். விமானம் என்றால் விளக்குகள் விட்டுவிட்டு மின்னும். இதுவோ மின்னாமல் சீராக நகர்ந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும். அதுதான் அனைத்துலக விண்வெளி நிலையம்.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றுகிறது. தோட்டம் இருட்டில் இருந்தாலும் அந்த உயரத்தில் வெயில் படுவதால் அது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நிலையத்தில் மலேசியர் ஒருவரும் தங்கியிருக்கிறார்.

11,000 பேரில் நால்வர்

2003இல் மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. அதன் ஒரு பகுதியாக, மலேசியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்ப ரஷ்யா இணங்கியது. ‘அங்காசாவான்’ எனப்பட்ட இத்திட்டத்துக்கு 11,000க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர்.

பல கட்டச் சோதனைகளுக்குப் பின் எஞ்சியவர்கள் நால்வர்: மருத்துவர் ஷேக் முஸாபர் ஷுகோர், இராணுவப் பல் மருத்துவர் ஃபைஸ் காலிட், விமானி முகமட் ஃபைஸ் கமாலுடின், பொறியாளர் சிவா வனஜா. இவர்களில் ஒரே பெண் வனஜா. ஒரே இந்தியரும் அவரே.

2006 செப்டம்பரில் ஷேக் முஸாபரும் ஃபைஸ் காலிட்டும் ரஷ்யாவில் பயிற்சி பெறத் தேர்வாயினர். முன்னவர் பறப்பது, பின்னவர் மாற்று வீரராக இருப்பது என முடிவாயிற்று.

விண்ணில் நோன்புப் பெருநாள்

2007 அக்டோபர் 10, மலேசிய நேரப்படி இரவு 9.22 மணிக்கு, கஜகஸ்தானின் பைக்கோனூர் தளத்திலிருந்து சோயுஸ் விண்கலம் புறப்பட்டது. ஷேக் முஸாபருடன் ரஷ்யாவின் யூரி மலென்சென்கோவும் அமெரிக்காவின் பெக்கி விட்சனும் சென்றனர். விண்வெளி நிலையத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்ற பெருமை அந்தப் பயணத்தில்தான் விட்சனைச் சேர்ந்தது.

நோன்புப் பெருநாளை நிலையத்திலேயே கொண்டாடிய ஷேக் முஸாபர், புற்றுநோய் உயிரணுக்கள், நுண்ணுயிர்கள், புரதப் படிகங்கள் தொடர்பான ஆய்வுகளைச் செய்தார். அக்டோபர் 21இல் திரும்பிய விண்கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியதால், குறித்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளித் தரைதொட்டது. உள்ளே இருந்த மூவரும் நலமாகத் திரும்பினர்.

துணைக்கோள்கள்

விண்வெளியில் மலேசியாவின் தடம் இதற்கு முன்பே பதிந்திருந்தது. 2000 செப்டம்பர் 26இல் தியோங்சாட்-1 துணைக்கோள் பைக்கோனூரிலிருந்து ஏவப்பட்டது. 2009 ஜூலையில் ஏவப்பட்ட ராசாக்சாட், நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றும்படி வடிவமைக்கப்பட்டது. துருவங்களைச் சுற்றும் துணைக்கோள்களைவிட மலேசியாவை அடிக்கடி கடந்துசெல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நால்வர் வந்த வழி

இறுதிச் சுற்றை எட்டிய நால்வரும் மருத்துவம், பொறியியல், விமானம் ஓட்டுதல் ஆகிய துறைகளிலிருந்து வந்தவர்கள். அந்தத் துறைகளுக்கான பாதை பள்ளியின் அறிவியல், கணிதப் பாடங்களிலிருந்தே தொடங்குகிறது. வானில் நகரும் அந்த ஒளியைக் காட்டி “அது என்ன?” என்று தோட்டத்துப் பிள்ளை கேட்டால், பறந்தவரின் பெயரோடு வனஜாவின் பெயரையும் சேர்த்தே சொல்லலாம்.