ஆணையை மறுத்த சேனாதிபதி

பரசூட் படை என்றதும் அஞ்சாமையும் இரக்கமின்மையும் ஒருங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. முன்னையதை நிரம்பப் பெற்றிருந்தும் பின்னையதை அறவே வெறுத்த பிரெஞ்சுத் தளபதி ஒருவர் இருந்தார். அவர்தாம் ஜாக் பாரி டி பொல்லார்டியேர்.

1907 இற் பிறந்த அவர், சென் சீர் இராணுவக் கல்லூரியிற் பயின்றவர். 1940 இல் நோர்வேயிலுள்ள நார்விக்கிற் போரிட்டார். அதே ஆண்டிற் பிரான்சு ஜேர்மனியிடம் வீழ்ந்தபோது இலண்டன் சென்று டி கோலின் பக்கம் நின்றார். எரித்திரியாவிலும் வட ஆபிரிக்கப் பாலைவனத்திலும் பொருதார்.

1944 ஏப்பிரலில், பகைவர் வசமிருந்த ஆர்டென் காட்டுப் பகுதியிற் பரசூட் மூலம் இறங்கி, அங்கு மறைந்திருந்த இளைஞரைப் போருக்கு ஆயத்தஞ் செய்தார். யூன் மாதத்தில் ஜேர்மானியர் அக்காட்டைச் சூழ்ந்தனர். அகப்பட்ட இளைஞர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் வதைக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னாளில் அவர் செய்த முடிவை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. அடுத்த ஆண்டு ஒல்லாந்திலும், அதன்பின் இந்தோசீனாவிலும் பரசூட் வீரரை நடத்தினார்.

1956 இல் அல்சீரியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே சேனாதிபதியானார். அந்நாட்டு விடுதலை இயக்கத்தார் அல்சியேர்ஸ் நகரிற் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். 1957 சனவரியில் நகரின் பொலிஸ் அதிகாரம் மஸ்யூ என்னும் சேனாதிபதியின் பரசூட் படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. கைதிகளின் வாயைத் திறக்க மின்சாரமும் நீரும் கருவிகளாயின. அம் மின்சாரத்தைத் தம் உடலிலே செலுத்திப் பார்த்ததாக மஸ்யூ பின்னர் எழுதினார். வேண்டும்போது நிறுத்துமாறு சொல்லக்கூடியவன் பெறும் வேதனையும் கைதியின் வேதனையும் ஒன்றாகுமா?

மஸ்யூவின் கீழ்ப் பணிபுரிந்த பொல்லார்டியேர் அம்முறைகளைக் கையாள மறுத்தார்; தமது பகுதியில் மக்களுக்கு வேலைத்தலங்களைத் திறந்தார். 1957 மார்ச்சிலே தம்மைப் பதவியினின்றும் விடுவிக்குமாறு கேட்டார். உடனடிப் பயனைக் காட்டி ஒழுக்க விழுமியங்களைக் கைவிடுதல் பேராபத்து என அவர் வரைந்த கடிதம் 'லெக்ஸ்பிரஸ்' இதழில் வெளியாயிற்று. அதற்காக 60 நாட் கோட்டைச்சிறை விதிக்கப்பட்டது. அக்காலத்துப் பிரெஞ்சுச் சேனாதிபதிகளுள் இவ்வாறு வெளிப்படையாகக் கண்டித்தவர் அவர் ஒருவரே.

1961 இல் அல்சியேர்ஸ் நகரிற் சில சேனாதிபதிகள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தபோது அவர் சேவையை விட்டு விலகினார். 1973 இலே, முருரோவாத் தீவில் நடைபெற்ற அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து ஒரு கப்பலேறிச் சென்றார். பிரெஞ்சுக் கடற்படையினர் அதனைக் கைப்பற்றினர். 1986 இல் அவர் காலமானார்.

2000 ஆம் ஆண்டில், 92 வயதை எட்டிய மஸ்யூ, போரிலே சித்திரவதை இன்றியமையாததன்று என்றும், அஃதின்றியே கருமங்களை நடத்தியிருக்கலாம் என்றும் 'லெ மொந்த்' பத்திரிகைக்குக் கூறினார்.